மீனம்பாக்கத்திலிருந்து பெருங்குடி: 417 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்? யாரைக் கேட்கிறீர்களோ அதற்குத் தகுந்தபடி பதில் மாறும். விமானக் கணக்கில் ஏறத்தாழ 417 கிலோமீட்டர். கார் ஓட்டுகிறவர் 450, 460 என்பார். ரயில் கணக்கில் 495 வரும். எங்கள் அப்பாவைக் கேட்டால், "ராத்திரி சாப்பிட்டு ஏறுனா விடிய இறங்கிரலாம்" என்பார். நாற்பது வருடமாக அவருக்குத் தெரிந்த தூரம் அதுதான்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் தலைக்கு மேலே விமானம் போகும். அம்மா வீடு மதுரை செல்லூர். வருடத்துக்கு ஏழெட்டு தடவையாவது போய்வருகிறோம், ஒவ்வொரு தடவையும் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். என் வீட்டுக்காரர் விமானக் கட்சி. நான் ரயில் கட்சி. பையனுக்கு ஜன்னல் சீட் யார் தருகிறார்களோ அவர்கள் கட்சி. போன மாதம் அவன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "417 கிலோமீட்டர்தான்மா, ஒரு மணி நேரம்" என்று தன் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டான். சரி, இதை ஒரு தடவை ஒழுங்காகக் கணக்குப் போட்டுவிடுவோம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அந்த 417. இது மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் மதுரை பெருங்குடி ஓடுபாதைக்கும் நடுவே பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற அளவு. (சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம். ஓ.எம்.ஆர். பெருங்குடி வேறு. மதுரை விமான நிலையம் இருக்கிற ஊருக்கும் அதே பெயர். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு டிராவல்ஸ் தம்பி, "பெருங்குடிக்கு எதுக்குங்க பிளைட்டு?" என்று கேட்டிருக்கிறார்.) இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் நாமே போட்டுவிடலாம். சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு, மதுரை 9.83. தெற்கு நோக்கி மட்டும் சுமார் 350 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மேற்கே 228 கிலோமீட்டர் போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் போட்டால் 417 வந்துவிடும். விமானிகள் கணக்கில் 225 கடல் மைல்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. பையனின் பள்ளிக்கூட வரைபடத்தில் ஸ்கேலை வைத்து இரண்டு ஊருக்கும் ஒரு கோடு போட்டேன். கோடு நேராகச் செங்கல்பட்டு மேல் போகிறது. அடுத்து விழுப்புரம். விருத்தாசலத்தையும் அரியலூரையும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே விட்டுவிட்டு, திருச்சி தலைமேல் போய் நிற்கிறது. ரயில் தண்டவாளம் போட்டவர்களும் ஏறக்குறைய அதே ஸ்கேலைத்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. திருச்சி வரைக்கும் விமானத்தின் பாதையும் ரயிலின் பாதையும் பெரிதாக விலகவே இல்லை. மேகம் இல்லாத ஒரு காலையில் விமான ஜன்னலிலிருந்து காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் ஒரு பச்சை இலை மாதிரி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிவதெல்லாம் திருச்சிக்குப் பிறகுதான். ரயில் மணப்பாறை, திண்டுக்கல், கொடைரோடு, சோழவந்தான் என்று மேற்கே ஒரு வளைவு போட்டுவிட்டு மதுரைக்குள் வருகிறது. நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டர் இருக்கிற இடத்துக்கு ரயிலில் 155. நாற்பது கிலோமீட்டர் அங்கேயே போய்விட்டது. நாற்கரச் சாலை அப்படிச் சுற்றாமல் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று கோட்டை ஒட்டியே வருகிறது. அதனால்தான் சாலைத் தூரம் விமானத் தூரத்தைவிடப் பத்து சதவீதம் போலத்தான் கூட. மலையும் கடலும் குறுக்கே நிற்கிற ஊர்களுக்கு விமானம் எவ்வளவோ தூரத்தை மிச்சம் பிடிக்கும். இங்கே குறுக்கே ஒன்றுமே இல்லை. தூரத்தில் விமானத்துக்கு லாபம் கிடையாது, வேகத்தில் மட்டும்தான்.

அந்த வேகத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். போனில் வருகிற "ஒரு மணி நேரம்" என்பது, ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் கொஞ்சம் சேர்த்துப் போட்ட கணக்கு. இந்தத் தடத்தில் பெரும்பாலும் நாம் ஏறப்போவது இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற ஏடிஆர் 72. எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். வேகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர்தான். குட்டித் தூரத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்கள், ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை இருக்கும். ஜெட் கிடைத்தால் ஒரு பதினைந்து இருபது நிமிடம் குறையும், அவ்வளவுதான். இத்தனை சின்னத் தூரத்தில் ஜெட் தன் முழு வேகத்தைப் பிடித்து ஓட இடமே இல்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது.

டிக்கெட்டில் இருக்கிற நேரமும் பறக்கிற நேரம் இல்லை. சென்னையில் நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்ந்ததிலிருந்து மதுரையில் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நான்கு விமானம் வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைத்திருப்பார்கள். சில நாள் பத்து நிமிடம் முன்னாலேயே இறங்கிவிட்டதாக அறிவிப்பு வருவதன் ரகசியம் இதுதான்.

அடுத்து வீட்டு வாசலிலிருந்து வாசல் கணக்கு. விமானம் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். குரோம்பேட்டைக்காரர்களுக்கு விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. 8.10க்கு ஆட்டோ பிடித்தால் 8.30க்குள் உள்ளே. பெட்டி போடுகிற கவுன்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். அப்புறம் பாதுகாப்புச் சோதனை. கேட் 25 நிமிடம் முன்னால் மூடும். ஏடிஆரில் ஏற ஏரோபிரிட்ஜ் எல்லாம் இல்லை, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் படி ஏறச் சொல்வார்கள். 10 மணிக்குக் கிளம்பி 11.25க்கு மதுரை. பெட்டி வர 11.45. பெருங்குடியிலிருந்து மதுரை டவுன் பன்னிரண்டு கிலோமீட்டர். அவனியாபுரம், தெற்குவாசல் நெரிசலைத் தாண்டி வைகையைக் கடந்து செல்லூர் போய்ச் சேர 12.30. ஆக மொத்தம் நான்கு மணி இருபது நிமிடம்.

அதே பயணம் வந்தே பாரத்தில். தாம்பரத்தில் நிற்கிறது. வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் முன்னால் கிளம்பினால் நிதானமாகப் பிளாட்பாரத்தில் நிற்கலாம். எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள்தான், தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஐந்தேகால் மணி என்று வைக்கலாம். மதுரை ஜங்ஷன் ஊர் நடுவில் இருப்பதால் செல்லூருக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். மொத்தம் ஆறேகால்.

வித்தியாசம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நானும் ஒப்புக்கொண்டேன், கடிகாரத்தில் ஜெயிப்பது விமானம்தான். ஆனால் அந்த நான்கு மணி இருபது நிமிடத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து எத்தனை தடவை எழுந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள் என்றேன். ஆட்டோ, வாசலில் ஆதார் காட்டுவது, கவுன்டர், பெல்ட்டைக் கழற்றி டிரேயில் வைப்பது, கேட், பஸ், படி, விமானம், மறுபடி படி, பெட்டி வரும் இடம், கார். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓர் இடத்தில் உட்காருவது விமானத்துக்குள் மட்டும்தான். அதிலும் பெல்ட் போடு, பெல்ட் எடு என்று முக்கால்வாசி போய்விடும். ரயிலில் ஐந்தேகால் மணியும் ஒரே சீட். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவள். விழுப்புரம் தாண்டுவதற்குள் லேப்டாப்பைத் திறந்தால் திருச்சி வருவதற்குள் அரை நாள் வேலை முடிந்துவிடும். அதனால் எனக்கு அந்த இரண்டு மணி நேர லாபம் லாபமே இல்லை. அவருக்கு லாபம். அவர் ரயிலில் வேலை பார்க்க மாட்டார், பக்கத்து சீட்டுக்காரரோடு அரசியல் பேசுவார்.

கொளத்தூரில் இருக்கும் என் நாத்தனாரும் மதுரைதான் அடிக்கடி போவார், மகளைக் கொடுத்திருக்கிறார். அவர் கணக்கு வேறு. கொளத்தூரிலிருந்து விமான நிலையம் காலை நெரிசலில் ஒன்றேகால் மணி. 10 மணி விமானத்துக்கு அவர் 7 மணிக்கே படி இறங்க வேண்டும். மொத்தம் ஐந்தரை மணி ஆகிவிடும். எழும்பூரோ அவருக்குப் பக்கம், ரயிலில் போனால் வாசலுக்கு வாசல் ஏழு. லாபம் ஒன்றரை மணிக்குச் சுருங்கிவிட்டது. மகள் வீடு ஆரப்பாளையம் பக்கம். அதுவே அவனியாபுரத்திலோ வில்லாபுரத்திலோ இருந்திருந்தால், விமானத்திலிருந்து இறங்கிக் கால் மணியில் வீடு. இரண்டு முனையிலும் வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்து முன்னே பின்னே ஒரு மணி நேரத்துக்கு மேலேயே மாறுகிறது. அந்த ஒரு மணி நேரம், பறக்கிற நேரத்துக்குச் சமம்.

ரயில் கட்சியின் தைரியமே கடந்த சில வருடங்களில்தான் கூடியது. முன்பெல்லாம் பகலில் மதுரை என்றால் வைகைதான். 1977 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஓட ஆரம்பித்த ரயில் அது. மீட்டர் கேஜ் தண்டவாளத்திலேயே ஏழு மணி நேரச் சொச்சத்தில் மதுரையையும் சென்னையையும் இணைத்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அப்பா இன்றைக்கும் வைகையை மட்டும் பெயர் சொல்லி, ஏதோ சொந்தக்காரரைப் போல விசாரிப்பார். 2019 மார்ச்சில் தேஜஸ் வந்தது. காலை 6 மணிக்கு எழும்பூரில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் கடைசியில் நாகர்கோவில் வந்தே பாரத். இரண்டும் மதுரை வழியாகத்தான் போகின்றன. காலையில் சீக்கிரம் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் ஒன்று. ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அந்த ஒரு நாளும் ரயிலுக்கு ரயில் வேறு. டிக்கெட் எடுக்கும்போது இதைக் கவனிக்காமல் தேடிவிட்டு ரயிலையே நிறுத்திவிட்டார்கள் என்று என் தம்பி ஒரு தடவை வாட்ஸப்பில் புரளி கிளப்பினான்.

நாகர்கோவில் வந்தே பாரத்தால் இன்னொரு சௌகரியம், பலர் கவனிக்காதது. காலை 5 மணி வாக்கில் எழும்பூரில் கிளம்பிப் பத்தரை, பத்தேமுக்காலுக்கு மதுரை. அதே ரயில் திரும்பி வரும்போது மாலை 6 மணி வாக்கில் மதுரையில் பிடித்தால் இரவு 11 மணிக்கு எழும்பூர். நடுவில் ஏழு மணி நேரம் மதுரையில் கிடைக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை, பாங்க் லாக்கர், ஒரு கல்யாண முகூர்த்தத்தின் பந்தி, எதுவாக இருந்தாலும் போதும். "ஒரே நாள்ல போயிட்டு வரணும்னா பிளைட்டுதான்" என்று இருந்த பேச்சு இதோடு கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் உடம்பு தாங்க வேண்டும். நான் ஒரு தடவை அப்படிப் போய்வந்து மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். ஒரே நாள் வேலைக்கு மட்டும் விமானத்துக்கு என் ஓட்டு உண்டு. காலை விமானம், சாயங்கால விமானம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு.

ராத்திரி ரயிலுக்கு வருவோம். அப்பாவின் கணக்கு இதுதான், கொஞ்ச நாளாக என் கணக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணிக்கு மேல் தாம்பரத்தில் வரும், ஐந்தரை வாக்கில் மதுரை. ஏழரை மணிப் பயணம்தான், ஆனால் அந்த ஏழரை மணியும் எப்படியும் நாம் தூங்கப்போகிற நேரம். பகலில் ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. விமானத்தில் நான்கு மணி இருபது நிமிடம் என்றோமே, அத்தனையும் விழித்திருக்கிற நேரம். பாண்டியனில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அது மதுரையோடு நின்றுவிடும். அசந்து தூங்கினாலும் யாராவது தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்கள். டிக்கெட் கிடைக்காமல் நெல்லையிலோ பொதிகையிலோ கன்னியாகுமரியிலோ ஏறினால் மதுரை விடியலுக்கு முன்னாலேயே வந்து போய்விடும். அலாரம் வைத்துக்கொண்டு, திண்டுக்கல்லிலிருந்தே கோழித்தூக்கம் தூங்கிக்கொண்டு, சோழவந்தான் போர்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அப்படி ஒரு தடவை என் சித்தி விருதுநகர் வரை போய்விட்டு, அங்கேயே காலை டிபன் சாப்பிட்டுத் திரும்பி வந்தார். பரோட்டா நன்றாக இருந்ததாம்.

பணக் கணக்கு. ஸ்லீப்பர் நானூறு ரூபாய்க்குள். வந்தே பாரத் சேர் கார் ஆயிரத்துச் சொச்சம். விமானம் ஒரு மாதம் முன்னாலேயே எடுத்தால் எங்களுக்கு மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு ஆகியிருக்கிறது, கடைசி வாரத்தில் ஐந்தாயிரம், ஆறாயிரம். பெருங்குடியிலிருந்து கார் வாடகை தனி. ஒருவர் போனால் வந்தே பாரத்தைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல், இரண்டு மணி நேரம் மிச்சம். மணிக்கு ஆயிரம் ரூபாய். அவர் சம்பளத்துக்கு அது சரிதான் என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் மூன்று பேரும் மாமியாரும் போனால் அதே இரண்டு மணி நேரத்துக்கு எட்டாயிரம், திரும்பி வர இன்னொரு எட்டாயிரம். பையனின் இரண்டு மணி நேரத்தை மிச்சம் பண்ணி அவன் என்ன செய்யப் போகிறான்? போனைத்தான் நோண்டுவான், அதை ரயிலிலும் நோண்டலாம்.

தீபாவளி, பொங்கலுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. விமானக் கட்டணம் ஒரு ஆளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ரயில் டிக்கெட் திறக்கிற நாளன்று காலை 8 மணிக்கு இரண்டு போனில் உட்கார்ந்தாலும் 8.03க்கு வெயிட்டிங் லிஸ்ட். முன்பு 120 நாள் முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். இதில் நல்லதும் உண்டு, நான்கு மாதம் முன்னால் யாருக்கும் லீவு தெரியாது. பொங்கலுக்கு விமானத்தில் போகிறவர்கள் போகியன்று காலை விமானத்தை மட்டும் எடுக்க வேண்டாம். ஊரெல்லாம் டயரும் பழம்பாயும் எரித்த புகை பனியோடு சேர்ந்துகொண்டு ஓடுபாதை தெரியாமல் போய்விடும். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடியது பலருக்கு நினைவிருக்கும்.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தெற்கே போகிற பஸ்கள் அங்கேயிருந்து கிளம்புகின்றன. வடசென்னைக்காரர்கள் திட்டுகிறார்கள், கொளத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் போவதே ஒரு வெளியூர்ப் பயணம். குரோம்பேட்டைக்கு வசதிதான். எட்டு மணி நேரத்தில் மாட்டுத்தாவணி. சொந்தக் காரில் நடுவில் டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏழரை, எட்டு. பரனூரில் ஆரம்பித்துச் சிட்டம்பட்டி வரை டோல் கட்டிக்கொண்டே போக வேண்டும். நான்கைந்து பேரும் ஏகப்பட்ட சாமானும் இருந்தால் ஒழிய நான் காரைச் சொல்ல மாட்டேன்.

சாமான் என்றதும் ஞாபகம் வருகிறது. உள்நாட்டு விமானத்தில் வழக்கமாகப் பதினைந்து கிலோ பெட்டி, கையில் ஏழு கிலோ. அம்மா வீட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது எந்த மூலைக்கு? அரிசி வற்றல், இட்லிப் பொடி, மாவடு ஜாடி. ஊறுகாயைக் கைப்பையில் விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மீனாட்சி கோயிலில் அர்ச்சனை பண்ணின முழுத் தேங்காயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்ச் சோதனை இடத்தில் மாட்டிக்கொண்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வருத்தத்தோடு விமானம் ஏறிய மாமியார் எங்கள் வீட்டில் உண்டு. ரயிலில் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மல்லிகைப் பூவுக்கு மட்டும் விமானம் நல்லது, வாழை இலையில் சுற்றி எடுத்துவந்தால் சென்னையில் வந்து விரியும்.

அவசரத்துக்கு விமானம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பெரியப்பா இறக்கும் வரைக்கும். செய்தி வந்தது ராத்திரி பத்தரைக்கு. பாண்டியன் தாம்பரத்தைத் தாண்டியிருந்தது. அதிகாலை விமானத்தில் சீட் இருந்தது, ஆளுக்கு ஏழாயிரம் கொடுத்து எடுத்தோம். பெருங்களத்தூரில் இருக்கும் என் பெரியம்மா மகன் அண்ணன் எதையும் யோசிக்காமல் பதினொன்றே காலுக்கு நெடுஞ்சாலையில் வந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். மாற்றுத் துணிகூட இல்லை. நாங்கள் மூன்றரைக்கு எழுந்து, நான்கரைக்கு விமான நிலையம் போய் உட்கார்ந்தோம். விமானம் தாமதம் என்று முதலில் அரை மணி சொன்னார்கள், பிறகு ஒரு மணி, பிறகு இயந்திரக் கோளாறு, வேறு விமானம் வருகிறது என்றார்கள். கிளம்பியபோது மணி பத்தரை. பன்னிரண்டே முக்காலுக்குச் செல்லூர் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆனாலும் பன்னிரண்டுக்கு எடுக்க வேண்டியதை எடுக்க முடியாமல் எல்லோரும் வெயிலில் நின்றிருந்தார்கள். அண்ணன் ஏழரைக்கே வந்து, பந்தல் போட்டு, நீர்மாலை எடுத்து வந்து, எங்களைப் பார்த்ததும், "பிளைட்டுல வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தத் தாமதம் ஒரு நாள் நடந்தது, எல்லா நாளும் நடக்காது, தெரியும். ரயிலும் தாமதமாகும். ஒரு மழைக்காலத்தில் திண்டிவனத்துக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால் அவசரம் என்று வந்தால் எது வேகம் என்று பார்ப்பதைவிட எது அடுத்துக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குச் செய்தி வந்தால், பத்துப் பதினொரு மணிக்கு விமானம் இருந்தால், அதுவே சரி. ராத்திரி பத்து மணிக்குச் செய்தி வந்தால் விடியற்காலை விமானத்துக்கு ஆறு மணி நேரம் சும்மா காத்திருக்கிறோம். அந்த ஆறு மணி நேரத்தில் பஸ் திருச்சிப் பக்கம் போயிருக்கும்.

விமானம்தான் சரி என்று நான் ஒத்துக்கொள்கிற இடம் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் இறங்குகிறவர்கள். அவர்கள் ஏற்கெனவே விமான நிலையத்துக்குள் இருக்கிறார்கள், முதல் ஒரு மணி நேரச் செலவு இல்லை. பெட்டி முப்பது கிலோ வேறு. ஒரே டிக்கெட்டாக மதுரை வரை எடுத்திருந்தால் அந்த எடையோடே போகலாம். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பதினைந்து கிலோவுக்கு மேல் காசு கட்ட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவர்கள் முதலில் நேர் மதுரை விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சென்னையைப் பற்றி யோசிக்கட்டும். இல்லாவிட்டால் திருச்சியில் இறங்கி 135 கிலோமீட்டர் காரில் வருவதும் மோசமில்லை, இரண்டரை மணி நேரம்.

இன்னொன்று முழங்கால். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகு, ஐந்தேகால் மணி நேரம் காலை மடக்கி உட்காருவது முடியாது என்றார் டாக்டர். மேல் பெர்த்தெல்லாம் பேச்சே இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் சக்கர நாற்காலியோடு ஆள் வந்து வாசலிலிருந்து விமானம் வரை கூட்டிப்போய் ஏற்றிவிடுகிறார்கள். ரயில் நிலையங்களில் லிஃப்ட் வந்திருக்கிறது, ஆனால் லிஃப்ட் ஒரு கோடியில் இருக்கும், நம் கோச் இன்னொரு கோடியில் நிற்கும். அப்பா விமானத்தில் வந்து இறங்கியதும் நான் ஆவலாக, "எப்படி இருந்துச்சுப்பா?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏறின மாதிரியே தெரியல" என்றார். செய்தித்தாளைப் பிரித்து நாலாம் பக்கம் வருவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்களாம்.

இப்போது ஆவணியில் தம்பி மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. காலண்டர் தாளை அவர் முன்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பாண்டியனில் ஏறினால் சனிக்கிழமை முழு நாளும் கையில் என்றேன். திரும்பி வரும்போது திங்கட்கிழமை ஆபீஸுக்காக அவர் மட்டும் ஞாயிறு சாயங்கால விமானத்தில் வந்துவிடலாம், நானும் பையனும் மாமியாரும் திங்கள் வந்தே பாரத்தில் வருகிறோம், மாவடு ஜாடி எங்களோடு வரும். அவர் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். டிக்கெட் போட்டாகிவிட்டது. பாண்டியனில் மூன்று பெர்த் கன்ஃபர்ம், ஒன்று ஆர்.ஏ.சி. அந்த ஆர்.ஏ.சி.யில் யார் உட்காருவது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.